தந்திக்குப் பூட்டுப் போட்ட விஞ்ஞானி!

குழந்தைகளே! தபால் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பும் கடிதத்தை, யாருக்கு எழுதினோமோ அவர்தான் பிரித்துப் படிப்பார். தபால் அட்டை அப்படியல்ல. அதைக் கையில் வாங்குகிற எவரும் படித்துவிடலாம்.

தந்தியும் தபால் அட்டை போன்றதுதான். தந்தி என்றால் என்னவென்று உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் செய்தியை ஒரு தாளில் எழுதித் தந்தி அலுவலகத்தில் கொடுப்பார்கள். அங்குள்ள ஊழியர் அதைப் படித்து மின்கம்பி வழியாக அனுப்புவார். அடுத்த ஊரில் இன்னொரு ஊழியர் அதை வாங்கி எழுதுவார். ஆக, செய்தி உரியவரிடம் போய்ச் சேருவதற்குள் வேறு சிலரும் அதைப் படித்திருப்பார்கள்!

பாட்டி நலமாக ஊர் வந்து சேர்ந்தார் என்ற செய்தியை நான்கு பேர் படித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால், ஓர் அரசாங்கம் வெளிநாட்டிலுள்ள தன் தூதருக்கு அனுப்பும் செய்தியைப் படித்தால்? ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு, இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும் என்று அனுப்பும் செய்தியைப் படித்தால்? எல்லோருக்கும் பொதுவான கம்பியில், இருவருக்கு மட்டுமே சொந்தமான ரகசியத்தை எப்படி அனுப்புவது?

இந்தக் கேள்விக்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அருமையான விடை கண்டார். வேடிக்கை என்ன தெரியுமா? மின்சாரத் தந்தியை உலகுக்குத் தந்தவர்களில் அவரும் ஒருவர்! அவர்தான் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன். பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கும் அண்ணன், அக்காவிடம் கேட்டால், வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று உடனே சொல்வார்கள். அதே வீட்ஸ்டன்தான்!

செப்புக் காசில் மின்சாரம்

சார்லஸ் வீட்ஸ்டன் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் குளோஸ்டர் நகருக்கு அருகிலுள்ள பார்ன்வுட் என்னும் ஊரில் பிறந்தார். அவரது குடும்பம் இசைக் கருவிகளோடு வாழ்ந்த குடும்பம். அப்பா இசைப் பொருள்கள் விற்றார். புல்லாங்குழல் வாசிக்கவும் கற்றுக் கொடுத்தார். சார்லஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது.

சார்லஸ் மிகவும் கூச்ச சுபாவம் உள்ள சிறுவன். பிரெஞ்சு மொழியில் கெட்டிக்காரன். ஆனால், பரிசு பெற வேண்டுமானால் எல்லோர் முன்னிலையிலும் ஓர் உரையை ஒப்பிக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னபோது மறுத்துவிட்டான். பரிசு போனாலும் போகட்டும், மேடை ஏறமாட்டேன் என்று இருந்துவிட்டான்!

வாய் திறக்காத பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் மூடமாட்டான். ஒரு நாள் பழைய புத்தகக் கடையில், மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டாவைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பார்த்தான். கையில் போதிய காசு இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து அதை வாங்கினான். அது பிரெஞ்சு மொழியில் இருந்ததால், மறுபடியும் காசு சேர்த்து ஓர் அகராதியும் வாங்கினான்!

புத்தகத்தில் படித்தபடி, சகோதரன் வில்லியத்துடன் சேர்ந்து வீட்டிலேயே மின்கலம் செய்யத் தொடங்கினான். அதற்குச் செப்புத் தகடுகள் வேண்டும். மிச்சமிருந்ததோ சில பென்னிக் காசுகள் மட்டுமே. அதை வைத்துத் தகடு வாங்க முடியாதே! சார்லஸ் யோசித்தான். அந்தக் காலத்துப் பென்னிக் காசே செம்பால் ஆனதுதானே? காசுகளையே தகடுகளாக அடுக்கிவிட்டான். மின்கலம் தயாரானது!

மாய யாழ்

14 வயது வாக்கில் சார்லஸ், லண்டனில் இசைக் கருவிகள் செய்து விற்ற தன் பெரியப்பாவிடம் வேலை பழகச் சென்றான். விற்பனையில் மனம் ஒட்டவில்லை. ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பயணம் செய்கிறது என்பதிலேயே சிந்தனை ஓடியது.

1821-ஆம் ஆண்டு, தமது 19-ஆம் வயதில், லண்டன் மக்களை வாய் பிளக்க வைத்தார். ஓர் அறையின் கூரையிலிருந்து யாழ் ஒன்று தொங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை. ஆனால், அதிலிருந்து இனிமையான இசை கேட்டது!

மந்திரமா? இல்லை. யாழைத் தாங்கியிருந்த மெல்லிய கம்பி, கூரையைத் துளைத்துக்கொண்டு மாடி அறைக்குச் சென்றது. அங்கே அது பியானோ போன்ற இசைக் கருவிகளோடு இணைக்கப்பட்டிருந்தது. மாடியில் வாசித்த இசையின் அதிர்வு, கம்பி வழியே இறங்கி வந்து யாழை ஒலிக்கச் செய்தது.

கம்பி வழியே இசை வருமானால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செய்தியும் வருமல்லவா? வீட்ஸ்டனின் மனத்தில் இந்த எண்ணம் வேரூன்றியது. தூரம் கூடக் கூட ஒலி தேய்ந்து போனது. ஆகவே, அவர் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது.

பிறகு அவர் கான்சர்டினா என்னும் இசைக் கருவியை உருவாக்கினார். நம் ஹார்மோனியத்தைப் போலவே, காற்று பட்டு உலோகத் தகடு அதிர்வதால் ஒலிக்கும் கருவி அது. 1834-ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். சுழலும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு, கம்பியில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்க முயன்றார். அவருக்குக் கிடைத்த கணக்கு சரியானதல்ல, உண்மையைவிட அதிகம். ஆனாலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரம் பல மைல் ஓடிவிடும் என்பது தெளிவானது.

பேராசிரியர் ஆன பிறகும் கூச்சம் போகவில்லை. அவரது கண்டுபிடிப்புகளைப் பற்றி அவருக்குப் பதிலாக மேடையில் விளக்கியவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே!

கம்பியில் ஓடிய செய்தி

1837-ஆம் ஆண்டு வில்லியம் குக் என்பவர் வீட்ஸ்டனைத் தேடி வந்தார். குக்குக்கும் மின்சாரத் தந்தி அமைக்கும் ஆசை இருந்தது. அறிவியலில் உதவி தேவைப்பட்டது. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸும் தமது தந்தியை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

1837 ஜூலை 25-ஆம் தேதி, லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே குக்-வீட்ஸ்டன் தந்தி சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒரு முனையில் குக், மறுமுனையில் வீட்ஸ்டன். செய்தி போய்ச் சேர்ந்தது!

அவர்களது முதல் கருவியில் ஐந்து காந்த ஊசிகள் வரிசையாக இருந்தன. செய்தி வரும்போது இரண்டு ஊசிகள் சாய்ந்து, பலகையில் எழுதப்பட்ட ஓர் எழுத்தைச் சுட்டிக் காட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அதை இயக்கலாம். ஒரே ஒரு குறை. பலகையில் 20 எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது. மற்ற 6 ஆங்கில எழுத்துகளையும் விட்டுவிட்டார்கள்.

பிறகு ரயில் பாதையை ஒட்டித் தந்திக் கம்பிகள் நீண்டன. லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஸ்லௌ என்ற ஊர் வரை கம்பி போடப்பட்டது. மக்கள் ஒரு ஷில்லிங் கட்டணம் கொடுத்து அந்த அதிசயத்தைப் பார்த்தார்கள்.

1845-ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று ஒரு சம்பவம் நடந்தது. ஸ்லௌ அருகே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு, ஜான் டாவெல் என்பவன் லண்டன் ரயிலில் ஏறித் தப்பினான். ரயிலைவிட வேகமாக ஓடிப் போய்ச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் தந்தியால் முடியுமே! கொலையாளி க்வேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரைப் போல நீண்ட பழுப்பு அங்கி அணிந்திருப்பதாக ஸ்லௌவிலிருந்து செய்தி பறந்தது. க்வேக்கர் என்று எழுத 'கியூ' என்ற ஆங்கில எழுத்து வேண்டும். தந்திக் கருவியில் அது கிடையாது! ஊழியர் 'கே', 'டபிள்யூ' என்ற எழுத்துகளைப் போட்டுச் சமாளித்தார். பாடிங்டன் ஊழியர் முதலில் குழம்பினாலும் பிறகு புரிந்துகொண்டார். ரயிலிலிருந்து இறங்கிய டாவெலைப் போலீஸார் பின்தொடர்ந்தார்கள். மறுநாள் கைது செய்தார்கள்.

நாடே தந்தியைப் பற்றிப் பேசியது. வியாபாரிகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் தந்தி அனுப்பத் தொடங்கின. செய்திகள் மிக ரகசியமாக அனுப்பப்படும் என்று விளம்பரமும் செய்தார்கள். ஆனால், அந்த ரகசியம் தந்தி ஊழியரின் நாணயத்தை மட்டுமே நம்பியிருந்தது. ஊழியருக்கு யாராவது லஞ்சம் கொடுத்துவிட்டால்? நடுவில் யாராவது கம்பியில் கை வைத்துவிட்டால்?

பத்திரிகையில் வந்த புதிர்

ரகசியச் செய்திகளைப் படிப்பது வீட்ஸ்டனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அவரது நண்பர் லயன் பிளேஃபேர், ஒரு வேதியியல் அறிஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து உலாவப் போவார்கள்.

அப்போது லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழில் வினோதமான விளம்பரங்கள் வரும். படித்தால் ஒன்றும் புரியாது. வெறும் எழுத்துக் குப்பை போல இருக்கும். வெளிப்படையாகப் பேச முடியாதவர்கள், எழுத்துகளை மாற்றிப் போட்டு, சங்கேத மொழியில் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள் அவை. ஊரே படிக்கும் நாளிதழில் இருவருக்கு மட்டும் புரியும் ரகசியம்! நண்பர்கள் இருவரும் அவற்றை உடைத்துப் படித்து மகிழ்வார்கள்.

ஒரு முறை ஆக்ஸ்ஃபோர்டில் படித்த மாணவர் ஒருவர், லண்டனிலுள்ள தம் காதலிக்கு இப்படிச் செய்தி அனுப்பி வந்தார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்த் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு நாள் எழுதினார். வீட்ஸ்டனுக்கு மனம் பொறுக்கவில்லை. அதே சங்கேத மொழியில், அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லித் தாமே ஒரு விளம்பரம் கொடுத்தார்! அவ்வளவுதான். தங்கள் ரகசியம் வெளியே தெரிந்துவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடமிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது. பிறகு அந்த விளம்பரமே வரவில்லை.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால், இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, எளிதான பூட்டைக் கெட்டிக்காரர்கள் திறந்துவிடுவார்கள். இரண்டாவது இன்னும் முக்கியமானது. சாவி அந்நியர் கையில் கிடைத்தால், அவர் நம் செய்தியைப் படிப்பதோடு நிற்கமாட்டார். நம்மைப் போலவே செய்தி எழுதவும் அவரால் முடியும்! ஒரு வங்கிக்கு இப்படி ஒரு போலித் தந்தி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினைந்து நிமிடப் பாடம்

எளிதில் உடைக்க முடியாத, ஆனால் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய சங்கேத முறை ஒன்றை 1854-ஆம் ஆண்டு வீட்ஸ்டன் எழுதி வைத்தார். அதுவரை பெரும்பாலான முறைகளில் ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தைப் போடுவார்கள். வீட்ஸ்டனோ எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மாற்றினார். இதற்குத் தேவை ஒரு தாள், ஒரு பென்சில், இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட ஒரு ரகசியச் சொல். அவ்வளவே!

நண்பர் பிளேஃபேருக்கு இது மிகவும் பிடித்துப் போனது. 1854 ஜனவரியில் ஒரு விருந்தில், பின்னாளில் பிரதமரான பாமர்ஸ்டன் பிரபுவிடம் இதை விளக்கினார். சில நாள்களில், டப்ளின் நகரில் இருந்த பிளேஃபேருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. பாமர்ஸ்டனும், விருந்து கொடுத்த கிரான்வில் பிரபுவும் அந்தச் சங்கேத முறையிலேயே அவற்றை எழுதியிருந்தார்கள்!

பிறகு நண்பர்கள் இருவரும் வெளியுறவு அலுவலகத்துக்குச் சென்றார்கள். அங்கிருந்த அதிகாரி, இது மிகவும் சிக்கலாக இருக்கிறதே என்றார். வீட்ஸ்டன் விடவில்லை. பக்கத்திலுள்ள தொடக்கப் பள்ளியிலிருந்து நான்கு சிறுவர்களை அழைத்து வந்தால், பதினைந்து நிமிடத்தில் மூன்று பேருக்காவது கற்றுக் கொடுத்துவிடுவேன் என்றார். சிறுவர்களுக்குக் கற்றுக் கொடுத்துவிடலாம், எங்கள் தூதரக அதிகாரிகளுக்குக் கற்றுக் கொடுக்கவே முடியாது என்று பதில் வந்ததாம்!

நாமும் செய்து பார்ப்போமா?

உண்மையான முறையில், ஐந்துக்கு ஐந்து என்று 25 கட்டங்களில் ஆங்கில எழுத்துகளை நிரப்ப வேண்டும். 26 எழுத்துகள் இருப்பதால், 'ஐ', 'ஜே' இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கும். நாம் சின்னதாக, ஒன்பது தமிழ் எழுத்துகளோடு செய்து பார்ப்போம். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள் அல்லவா? நாமும் புள்ளியை விட்டுவிடுவோம்.

நமது ரகசியச் சொல் மரகதம். அதிலுள்ள எழுத்துகளை முதலில் எழுதுங்கள். திரும்ப வரும் எழுத்தை விட்டுவிடுங்கள். மிச்சக் கட்டங்களில் ட, ப, ல, வ, ன ஆகியவற்றை வரிசையாக நிரப்புங்கள்.

ம   ர   க
த   ட   ப
ல   வ   ன

இனி மூன்றே விதிகள்:

1. இரண்டு எழுத்துகளும் ஒரே வரிசையில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் உள்ள எழுத்தைப் போடுங்கள். கடைசி எழுத்தாக இருந்தால் அந்த வரிசையின் முதல் எழுத்துக்கு வாருங்கள்.

2. இரண்டும் மேலும் கீழுமாக ஒரே பத்தியில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள எழுத்தைப் போடுங்கள். அடியில் இருந்தால் உச்சிக்குப் போங்கள்.

3. இரண்டும் வேறு வேறு வரிசையிலும் பத்தியிலும் இருந்தால், அவற்றை ஒரு பெட்டியின் இரண்டு மூலைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அதே வரிசையிலுள்ள மற்ற மூலையின் எழுத்தைப் போடுங்கள்.

தகவல் என்ற சொல்லை அனுப்புவோம். அதை 'தக', 'வல' என்று பிரிக்க வேண்டும். 'தக' வேறு வேறு வரிசை. மூன்றாம் விதிப்படி 'பம' ஆகும். 'வல' ஒரே வரிசை. முதல் விதிப்படி 'னவ' ஆகும். ஆக, தகவல் என்பது பமனவ என்று மாறிவிட்டது!

இன்னொன்று. வட்டம் என்பது 'வட', 'டம'. முதல் ஜோடி ஒரே பத்தியில் இருப்பதால் 'ரவ' ஆகும். இரண்டாவது ஜோடி 'தர' ஆகும். மொத்தத்தில் ரவதர. கவனித்தீர்களா? முதல் 'ட' வுக்கு 'வ' வந்தது. இரண்டாவது 'ட' வுக்கு 'த' வந்தது. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேஷம் மாறுவதால், திருட்டுத்தனமாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும்!

செய்தி பெறுபவர் இதையே திருப்பிச் செய்வார். வலத்துக்குப் பதில் இடம், கீழுக்குப் பதில் மேல். மூலை விதி மட்டும் மாறாது.

இந்த முறையைப் பிரிட்டிஷ் ராணுவம் பின்னாளில் போர்க்களத்தில் பயன்படுத்தியது. 1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலில் ஓர் அமெரிக்கப் படகு மூழ்கியது. அதன் தலைவர் ஜான் கென்னடி. பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர்! அந்தப் படகு மூழ்கிய செய்தியை, அங்கே தீவில் மறைந்திருந்து கடலைக் கண்காணித்த ஆஸ்திரேலிய வீரர் ரேடியோவில் பெற்றது இந்தச் சங்கேத முறையில்தான். ரேடியோ அலையை எதிரியும் கேட்கலாம். ஆனால் அவன் புரிந்துகொள்வதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

பூட்டு பெரியது, சாவி?

வீட்ஸ்டனின் சங்கேத ஆர்வம் அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் கடிதம் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. ஏழு பெரிய பக்கங்களில் வெறும் எண்கள்! இருநூறு ஆண்டுகளாகப் பொருள் தெரியாமல் கிடந்த அதை 1858-ஆம் ஆண்டு வீட்ஸ்டன் படித்துக் காட்டினார்.

1867-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், கடிகாரம் போன்ற ஒரு சங்கேதக் கருவியையும் வைத்தார். அதில் இரண்டு முட்கள். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு எழுத்து வளையங்கள். ஒரு முள்ளைத் திருப்பினால் இன்னொரு முள் மாற்று எழுத்தைக் காட்டும்.

அதன் திருத்திய வடிவம் ஒன்றை முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் தயாரித்தார்கள். யாராலும் உடைக்க முடியாது என்று நம்பி, சோதனைக்காக ஐந்து செய்திகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வில்லியம் ஃப்ரீட்மன், எலிசபெத் ஃப்ரீட்மன் என்ற கணவன் மனைவி அவற்றை ஆராய்ந்தார்கள். இரண்டு ரகசியச் சொற்களில் ஒன்று, 'சங்கேதம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்று வில்லியம் கண்டுபிடித்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று மனைவியிடம் கேட்டார். இயந்திரம் என்று பொருள்படும் சொல்லை எலிசபெத் சொன்னார். அதுதான் இரண்டாவது ரகசியச் சொல்! சில மணி நேரத்தில் எல்லாச் செய்திகளும் திறந்துகொண்டன. இந்தச் சங்கேதத்தை எவராலும் உடைக்க முடியாது என்று அதில் ஒரு செய்தி பெருமை பேசியதாம்!

கருவி நன்றாக இருந்து என்ன பயன்? எளிதாக ஊகிக்கக்கூடிய சொல்லைச் சாவியாக வைத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்தது போலத்தான். இன்று கடவுச்சொல்லாகத் தம் பெயரையும் பிறந்த தேதியையும் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பெயர் யாருக்கு?

வீட்ஸ்டன் கண்டுபிடித்த அந்த எழுத்துக் கட்ட முறைக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? பிளேஃபேர் சங்கேத முறை! நண்பர் பிளேஃபேர் ஊரெல்லாம் எடுத்துச் சொன்னதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் வீட்ஸ்டன்தான் என்று பிளேஃபேர் மறைக்காமல் சொல்லி வந்தார்.

மின்தடையை அளக்கப் பயன்படும் வீட்ஸ்டன் சமனச்சுற்றின் கதை இதற்கு நேர் எதிர். அதை 1833-இல் முதலில் உருவாக்கியவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843-இல் வீட்ஸ்டன் அதைப் பலரும் அறியச் செய்தார். கிறிஸ்டிதான் முன்னோடி என்பதையும் சொன்னார். ஆனாலும் பெயர் வீட்ஸ்டனுக்கே போய்விட்டது!

அதற்காக வீட்ஸ்டன் புகழில் ஆசையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தந்தியைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று அவருக்கும் குக்குக்கும் பெரிய சண்டை வந்தது. 1841-ஆம் ஆண்டு மத்தியஸ்தர்கள் கூடி, ஆராய்ச்சியால் வழி காட்டியவர் வீட்ஸ்டன், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் குக் என்று இருவருக்கும் பெருமையைப் பங்கிட்டார்கள்.

அன்றைய கேள்வி, இன்றைய விடை

கடலுக்கு அடியிலும் தந்திக் கம்பி போடலாம் என்று 1840-ஆம் ஆண்டிலேயே வீட்ஸ்டன் யோசனை சொன்னார். 1844-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ விரிகுடாவில், படகுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே கம்பி போட்டுச் சோதனையும் செய்தார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி இயங்கத் தொடங்கியது. 1868-ஆம் ஆண்டு வீட்ஸ்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது.

கடைசி வரை அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். கடலடித் தந்திக்கான கருவி ஒன்றைச் சீர்படுத்தும் வேலையாக பாரிஸ் சென்றிருந்தபோது நோய்வாய்ப்பட்டு, 1875 அக்டோபர் 19-ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

இன்று இணையத்தின் பெரும்பகுதி கடலடிக் கம்பிகள் வழியாகத்தான் கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிறது. அப்பா வங்கிக்கு அனுப்பும் உத்தரவு, அம்மா எடுக்கும் ரயில் டிக்கெட், மருத்துவமனையிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் விவரம் எல்லாம் பலருடைய கணினிகளைத் தாண்டித்தான் போய்ச் சேருகின்றன. வழி எல்லோருக்கும் பொது. ஆகவே வீட்ஸ்டன் காலத்துக் கேள்விதான் இன்றும்.

அவரது பிளேஃபேர் முறையைக் கணினி இன்று நொடியில் உடைத்துவிடும். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரகசியச் சொல்லை இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முன்பின் பார்த்திராதவர்கள் என்ன செய்வது? 1976-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் வைட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு வழி சொன்னார்கள். எல்லோரும் ஒட்டுக் கேட்கும் பாதையிலேயே, இருவர் தங்களுக்கு மட்டும் தெரிந்த சாவியைக் கணிதத்தின் உதவியால் உருவாக்கிக்கொள்ளும் வழி அது! இந்தச் செய்தியை அனுப்பியவர் அவர்தானா என்று உறுதிப்படுத்த டிஜிட்டல் கையொப்பமும் வந்துவிட்டது. அன்றைய ஆக்ஸ்ஃபோர்டு மாணவருக்கு அது இருந்திருந்தால், வீட்ஸ்டனின் குறும்பு பலித்திருக்காது!

மேடை ஏறக் கூச்சப்பட்ட ஒருவர், உலகமே தொலைவிலிருந்து பேசிக்கொள்ள வழி செய்தார். அதோடு, எதை எல்லோருக்கும் சொல்வது, எதைப் பூட்டி அனுப்புவது என்றும் கற்றுக் கொடுத்தார். பொது வழியில் போகும் செய்திக்குப் பூட்டு வேண்டும். பூட்டுக்கு நல்ல சாவி வேண்டும். சாவியை வைத்திருப்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். இதை மறக்காதீர்கள், குழந்தைகளே!

உங்களுக்கு ஒரு புதிர்: அதே மரகதம் கட்டத்தைப் பயன்படுத்தி, தபதர என்பதைக் கண்டுபிடியுங்கள். காற்றடிக்கும் மாலை நேரத்தில் மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்லும் பொருள் அது!

(விடை: பட்டம்)